விஷ்ணு டெம்பிள்: எந்த முனையில், எந்த நேரத்தில் நின்று பார்ப்பது?

அரிசோனாவில் கொலராடோ ஆறு அறுத்துப்போட்ட கிராண்ட் கேன்யன் 446 கி.மீ. நீளம். அந்தப் பள்ளத்துக்குள் விளிம்புக்குச் சமமாகத் தலைதூக்கி நிற்கும் தனிப் பாறைக் குன்றுகள் ஏராளம். அவற்றில் கூம்பு வடிவம் குலையாமல் நிற்பது விஷ்ணு டெம்பிள். உச்சி 2,296 மீட்டர், அதாவது 7,533 அடி. கீழே ஓடும் ஆற்றிலிருந்து அளந்தால் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரம்.

இவ்வளவு பெரிய குன்றைப் பலர் பார்க்காமலேயே திரும்புகிறார்கள். மேகமோ கூட்டமோ காரணம் இல்லை. நண்பகலில் மேதர் பாயின்ட் என்ற விளிம்பு முனையில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டால், பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பழுப்புச் சுவராகத்தான் தெரியும். இந்தக் குன்றைப் பொறுத்தவரை முனையையும் மணியையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காலையில் அருமையாகத் தெரியும் முனை மாலையில் உதவாது. கோடையில் நல்ல முனை குளிர்காலத்தில் வேறு மாதிரி இருக்கும்.

பெயரைப் பார்த்து அங்கே சந்நிதி ஏதோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கிளாரன்ஸ் டட்டன் என்ற அமெரிக்கப் புவியியலாளர், கீழை நாட்டுக் கோபுரங்களின் சாயலைக் கண்டு வைத்த பெயர். 1882ல் வெளியான அவருடைய அறிக்கையிலிருந்து நிலைத்துவிட்டது. வரைபடத்தைப் பார்த்தால் பிரம்மா, சிவா, தேவா, மனு, கிருஷ்ணா, ராமா எல்லோரும் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள். இந்தப் பெயர்களுக்கெல்லாம் வெகு காலம் முன்பிருந்தே ஹோப்பி, நவஹோ, ஹவசுபாய் முதலிய பழங்குடியினருக்கு இந்தப் பள்ளத்தாக்கு சொந்த மண், புனிதமான இடமும்கூட. கல் அடுக்கி வைப்பது, பாறையில் பெயர் கீறுவது, குங்குமம் தடவுவது எதுவும் கூடாது.

முதலில் சரியான கேன்யனுக்குப் போங்கள்

லாஸ் வேகஸிலிருந்து "கிராண்ட் கேன்யன் டூர்" என்று விற்கப்படுபவற்றில் பல, கண்ணாடிப் பாலம் இருக்கும் கிராண்ட் கேன்யன் வெஸ்டுக்குப் போகின்றன. அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், தேசியப் பூங்காவைச் சேர்ந்ததல்ல. அங்கிருந்து விஷ்ணு டெம்பிள் தெரியவே தெரியாது. சாலை வழியே தெற்கு விளிம்புக்கு வர இன்னும் நாலு மணி நேரம் ஆகும். டிக்கெட் போடும்போது "சவுத் ரிம்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், டூர் பஸ்கள் பெரும்பாலும் கிராண்ட் கேன்யன் வில்லேஜ் என்னும் கிராமப் பகுதியோடு திரும்பிவிடும். நல்ல முனைகளெல்லாம் கிழக்கே டெசர்ட் வியூ டிரைவ் என்ற சாலையில் இருக்கின்றன. அந்தச் சாலையில் பூங்காவின் இலவச ஷட்டில் கிராண்ட்வியூ வரைகூட வராது. ஆகவே சொந்தக் கார் அல்லது வாடகைக் கார் வேண்டும்.

தெற்கு விளிம்புக்கு ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து சுமார் 130 கி.மீ., ஒன்றரை மணி நேரம். ஃபீனிக்ஸிலிருந்து 370 கி.மீ., மூன்றரை முதல் நாலு மணி. லாஸ் வேகஸிலிருந்து 450 கி.மீ., நாலரை மணி. சாலைப் பலகைகளில் எல்லாம் மைல் கணக்குதான். கூகுள் மேப்பில் "விஷ்ணு டெம்பிள்" என்று போட்டால் குன்றின் உச்சியில் புள்ளி வைக்கும். அதற்குச் சாலையே கிடையாது. "லிப்பன் பாயின்ட்", "கிராண்ட்வியூ பாயின்ட்" என்று முனையின் பெயரைப் போடுங்கள். பூங்காவுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், ஆகவே வரைபடத்தை முன்கூட்டியே ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 35 டாலர். ஏழு நாள் செல்லும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சுற்றுலாவாக வருபவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காத 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் தனி. 250 டாலர் ஆண்டுப் பாஸ் எடுத்தால் அது இல்லை. இரண்டு பேர் என்றால் டிக்கெட் லாபம். மூன்று பேராகிவிட்டால் பாஸ்தான் கட்டுப்படியாகும். பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள், அங்கே வசிப்பதற்கான அடையாள அட்டையைத் தங்களுக்காவது கையோடு வைத்திருப்பது நல்லது.

கடிகார விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். அரிசோனாவில் கோடைக்கு மணியை மாற்றும் பழக்கம் இல்லை. கிழக்கு எல்லையை ஒட்டிய நவஹோ நிலத்தில் மாற்றுவார்கள். ஆகவே மார்ச்சிலிருந்து நவம்பர் வரை அந்த நிலத்திலுள்ள கேமரூன் என்ற ஊரில் தங்கினாலோ, டெசர்ட் வியூ பக்கம் நவஹோ டவரின் சிக்னலை ஃபோன் பிடித்துக்கொண்டாலோ, மணி ஒன்று கூட்டிக் காட்டும். அலாரத்தை நம்பினால் இருட்டில் ஒரு மணி நேரம் வீணாக நடுங்க வேண்டிவரும். குளிர்காலத்தில் லாஸ் வேகஸிலிருந்து வருகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறு: அந்த ஊர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருப்பதால் அஸ்தமனத்தையே கோட்டைவிடுவார்கள். ஃபோனில் தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு "ஃபீனிக்ஸ்" என்று வைத்துவிடுங்கள்.

குன்றை அடையாளம் காண்பது

பலர் கீழே பார்த்துத் தேடுகிறார்கள், அங்கேதான் தவறு. கிராண்ட்வியூ பாயின்ட் 2,255 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லிப்பன் 2,243, மோரன் 2,182. குன்றின் உச்சி 2,296. அதாவது உச்சி கிட்டத்தட்ட உங்கள் கண்மட்டத்தில், ஒரு நூல் மேலே இருக்கிறது. பள்ளத்துக்குள் குனியாமல் நேராக எதிரே பாருங்கள்.

அடுத்து, அதன் பக்கத்துவீட்டுக்காரரைத் தேடுங்கள். வோட்டன்ஸ் த்ரோன் என்ற குன்று, மேலே மட்டமான பலகைபோல் அகன்று, தலையில் கரும்பச்சையாக மரக்கூட்டத்தோடு இருக்கும். கண்ணில் முதலில் படுவது அதுதான். கிராண்ட்வியூ, மேதர், யாக்கி முனைகளிலிருந்து பார்த்தால் அந்தப் பலகைக்கு வலப்பக்கம் கூர்மையாக நிற்பது விஷ்ணு. கிழக்கே லிப்பனிலிருந்து பார்த்தால் இது மாறிவிடும்: விஷ்ணு முன்னால் நிற்கும், வோட்டன்ஸ் த்ரோன் அதற்குப் பின்னே சற்று வலமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

கேப் ராயல் என்னும் வடக்கு விளிம்பு முனையிலிருந்து தெற்கு நோக்கி வரிசையாகப் பார்த்தால், ஒரு குன்று உருவாகித் தேயும் கதை முழுவதும் அங்கே இருக்கிறது. முதலில் பீடபூமி. அதிலிருந்து துண்டானாலும் உச்சியை மூடிய பாறை போகாமல் இருப்பது வோட்டன்ஸ் த்ரோன். அந்த மூடிப் பாறை தேய்ந்துபோய்க் கூம்பானது விஷ்ணு. அதற்கும் தெற்கே, மேலடுக்குகளை இழந்து குட்டையாகிப்போனவை கிருஷ்ணா, ராமா ஷ்ரைன்கள். கடினப் பாறை செங்குத்தாக நிற்கும். அதன் அடியிலுள்ள மென்மையான களிப்பாறை கரைந்து சரியும். பிடிமானம் போன மேற்பாறை பலகை பலகையாக உதிரும். இது மீண்டும் மீண்டும் நடந்ததால்தான் குன்று முழுக்கச் சுவர், சரிவு, சுவர், சரிவு என்று படிக்கட்டாக இருக்கிறது.

பைனாகுலரில் மேலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். உச்சிக் கூர்முனைக்குக் கீழே வெளிறிய பாலாடை நிறத்தில் ஒரு செங்குத்துப் பட்டை ஓடும். அது கோகோனினோ மணற்பாறை, பழைய பாலைவன மணல்மேடுகள் இறுகியது. அதன் கீழே செம்மண் நிறச் சரிவு ஹெர்மிட். பிறகு சின்னச் சின்னப் படிகளாக சுப்பாய் அடுக்குகள். அதற்கும் கீழே குன்றின் இடுப்பைச் சுற்றி நிற்கும் பெரிய சிவப்புச் சுவர் ரெட்வால். இந்த ரெட்வாலைச் சிறிது நேரம் உற்றுப் பாருங்கள்: சிவப்பின் நடுவே சாம்பல் நிறத் திட்டுகள் தெரியும். அண்மையில் பாறை பெயர்ந்து விழுந்த இடங்கள் அவை. ரெட்வால் உண்மையில் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. மேலே உள்ள அடுக்குகளிலிருந்து மழையில் வழிந்த இரும்புச் சாயம்தான் அதைச் சிவப்பாக்கியிருக்கிறது. அடிவாரத்துக்கும் கீழே, ஆற்றை ஒட்டிய கறுத்த பாறைக்கு விஷ்ணு ஷிஸ்ட் என்று பெயர். குன்றின் பெயரைத்தான் அதற்கும் வைத்தார்கள். அதன் வயது 170 கோடி ஆண்டுகளுக்கு மேல். உச்சிப் பக்கத்துப் பாறையின் வயதோ சுமார் 27 கோடிதான்.

முனைகளும் வெளிச்சமும்

கணக்கு எளிது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் குன்று நிறத்தோடு தெரியும், ஆனால் தட்டையாக. பக்கவாட்டில் இருந்தால் படிக்கட்டுகளும் இடுக்குகளும் செதுக்கியதுபோல் தெரியும். எதிரே இருந்தால் வெறும் நிழலுருவம், அதுவும் புகைமூட்டத்தோடு. இந்த அட்சரேகையில் சூரியன் ஜூனில் வடகிழக்கை ஒட்டி உதித்து வடமேற்கை ஒட்டி மறையும். டிசம்பரில் தென்கிழக்கை ஒட்டி உதித்துத் தென்மேற்கை ஒட்டி மறையும். ஆகவே ஒரே முனைக்குக் கோடையில் ஒரு விதி, குளிர்காலத்தில் இன்னொரு விதி.

லிப்பன் பாயின்ட் காலைக்கு. இங்கிருந்து குன்று மேற்கு-வடமேற்கே சுமார் 10 கி.மீ. தூரத்தில். டிசம்பர், ஜனவரியில் சூரியன் சரியாக உங்கள் முதுகுக்குப் பின்னே எழும். முதல் கதிர் உச்சியில் பட்டுப் பத்து நிமிடத்தில் இடுப்புச் சுவர் வரை இறங்கும். மார்ச், செப்டம்பரில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து சாய்ந்து விழுவதால் வடிவம் இன்னும் நன்றாகப் பிரியும். எங்கள் தேர்வு இந்த இரண்டு மாதங்கள்தான். லிப்பனுக்கு இன்னொரு சிறப்பு, குன்றின் கூர்முனை பின்னால் உள்ள மலைவரியில் கலக்காமல் வானத்தில் தனியாக நிற்பது. ஜூன் மாலையில் மட்டும் சூரியன் ஏறத்தாழ குன்று இருக்கும் திசையிலேயே இறங்கும். நிறம் பார்க்க முடியாது. ஆனால் அடுக்கடுக்கான நிழலுருவப் படம் வேண்டுமென்றால் அதுதான் நாள்.

கிராண்ட்வியூ பாயின்ட் மாலைக்கு. குன்று வடக்கே, சற்றுக் கிழக்காக, இதுவும் 10 கி.மீ. அளவு. சிக்கல் என்னவென்றால், இங்கிருந்து பார்க்கையில் குன்றுக்குப் பின்னால் வடக்கு விளிம்பின் பெருஞ்சுவர் நிற்கிறது. அதே அடுக்குகள், அதே நிறங்கள். நண்பகலில் குன்றும் சுவரும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவரிடம் கைநீட்டிக் காட்டினால்கூட அவருக்குப் புரியாது. சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் சாயத் தொடங்கும். குன்றின் கிழக்குப் பக்கம் நிழலாகி, சுவரிலிருந்து குன்று பிரிந்து முன்னால் வரும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை இது மிகச் சிறப்பு. கோடைக் காலையில் இங்கே வரவே வேண்டாம், வெளிச்சம் எதிரிலிருந்து வரும்.

மோரன் பாயின்ட்: குன்று வடக்கே, சற்று மேற்காக, 9 கி.மீ. குளிர்காலக் காலை நேரத்துக்கு மட்டும் நல்லது. கோடை மாலையில் எதிர்வெளிச்சம்.

யாக்கி பாயின்டும் மேதர் பாயின்டும் மேற்கே தள்ளி இருக்கின்றன. குன்று கிழக்கே 12 முதல் 14 கி.மீ. வருடம் முழுவதும் மாலை வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து குன்றின் முகத்தில் விழும், பின்னணியும் பெரும்பாலும் வானம்தான். தூரம் அதிகம் என்பதால் கோடைப் புகைமூட்டம் இங்கே கூடுதலாகத் தொந்தரவு செய்யும். கார் இல்லாதவர்களுக்கு யாக்கிதான் வழி. தனியார் வாகனங்களுக்கு அங்கே அனுமதி இல்லை, விசிட்டர் சென்டரிலிருந்து ஆரஞ்சு வழித்தட ஷட்டில் போகிறது. கடைசி ஷட்டில் எப்போது என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

ஒரு நாளில் முடிக்க வேண்டுமானால்

சூரிய உதயம் ஜூனில் காலை 5.15 அளவில், மார்ச் கடைசியில் 6.20 அளவில், டிசம்பர் கடைசியில் 7.35 அளவில். உதயத்துக்கு 30 நிமிடம் முன் லிப்பனில் இருக்க வேண்டும். கிராமப் பகுதியிலிருந்து லிப்பனுக்கு 45 நிமிட ஓட்டம், ஆக உதயத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன் கிளம்புங்கள். அந்த நேரத்தில் எல்க் மான்கள் சாலையில் வந்து நிற்கும். ஒரு பெரிய எல்க் முன்னூறு கிலோவைத் தாண்டும், மோதினால் கார் மிஞ்சாது. பலகையில் 45 மைல் என்று போட்டிருந்தாலும் இருட்டில் 35ல் போங்கள்.

வெளிச்சம் கீழே இறங்கி முடிய ஒரு மணி நேரம் ஆகும். பிறகு மூன்று கிலோமீட்டர் கிழக்கே டெசர்ட் வியூ: கழிப்பறை, தண்ணீர், பெட்ரோல் பங்க், 1932ல் மேரி கோல்ட்டர் கட்டிய 21 மீட்டர் கல் கோபுரம். இதற்கும் கிராமத்துக்கும் நடுவே கடை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் தயிர்சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போவது உத்தமம். உணவகங்களில் உங்களுக்குக் கிடைப்பது சாலட்டும் வறுத்த உருளைக்கிழங்கும்தான்.

பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை குன்றை மறந்துவிடுங்கள். தூங்கலாம், மியூசியம் பார்க்கலாம். அஸ்தமனத்துக்கு இரண்டு மணி நேரம் முன் கிராண்ட்வியூவுக்கு வந்துவிட்டால் வண்டி நிறுத்த இடமும் கிடைக்கும், வெளிச்சம் மாறுவதை முழுக்கவும் பார்க்கலாம். அஸ்தமனம் ஜூனில் இரவு 7.45 அளவில், டிசம்பரில் மாலை 5.15 அளவில். ஆற்றுப் பள்ளம் இருண்டு வெகு நேரம் ஆனபிறகும் விஷ்ணுவின் உச்சியில் வெளிச்சம் நிற்கும். "முடிந்தது" என்று எல்லோரும் காருக்குத் திரும்பும் அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடம்தான் கூர்முனை தனியாகச் சிவக்கும் நேரம்.

பைனாகுலர், கேமரா

8x42 பைனாகுலர் போதும். 10 கி.மீ. தூரத்தில் அது சுமார் 1.3 கி.மீ. அகலத்தைக் காட்டும், குன்றின் மேற்பாதி முழுவதும் அதில் அடங்கிவிடும். 12 மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கத்தில் ஒன்றும் தெரியாது, ட்ரைபாட் வேண்டும்.

ஃபோன் படம் ஏன் சப்பென்று வருகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஃபோனின் முதன்மை லென்ஸ் 24 மி.மீ. அளவு, 10 கி.மீ. தூரத்தில் அது 15 கி.மீ. அகலத்தைப் பிடிக்கும். குன்று அதில் ஒரு மூலைப் புள்ளி. 5 மடங்கு டெலிஃபோட்டோ உள்ள ஃபோன் என்றால் அகலம் 3 கி.மீ.; குன்று நன்றாக நிரம்பும். முழுச் சட்டக கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் 1.8 கி.மீ. அகலத்தைப் பிடிக்கும், குன்று மட்டும் வேண்டுமென்றால் அதுதான். வோட்டன்ஸ் த்ரோனையும் சேர்க்க 100 மி.மீ. லென்ஸ். அமைப்பு எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ட்ரைபாட். காற்று அடித்தால் ட்ரைபாட்டின் நடுக்கம்பியை உயர்த்தாமல் காலை விரித்துத் தாழ வையுங்கள். வெளிறிய கோகோனினோ பட்டை முதலில் வெளுத்துப்போகும் என்பதால் எக்ஸ்போஷரை அரை முதல் ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். ஃபோனில் பட்டையின் மேல் தொட்டு, சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்தால் போதும்.

நண்பகல் படங்கள் பெரிதாக்கினால் கலங்கலாக இருக்கும். அதற்கு லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். பள்ளத்திலிருந்து எழும் வெப்பக்காற்று அலையடிப்பதுதான் காரணம்; எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் அது போகாது. டிரோன் எல்லாத் தேசியப் பூங்காக்களிலும் தடை.

மூட்டமும் இடியும்

மிகத் தெளிவான காற்று குளிர்காலத்தில், பனியோ மழையோ பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில். கோடையில் காட்டுத்தீப் புகையும் தூசும் சேர்ந்து 10 கி.மீ. தூரத்தை மங்கலாக்கிவிடும். கிராண்ட்வியூவில் மட்டும் லேசான மூட்டம் உதவும்: பின்சுவர் வெளிறிக் குன்று முன்னே வரும். குளிர்காலத்தில் எப்போதாவது பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பி, விஷ்ணுவின் உச்சி மட்டும் மேலே மிதக்கும். அதைத் திட்டமிட முடியாது, கிடைத்தால் யோகம்.

ஜூலையிலிருந்து செப்டம்பர் பாதி வரை பிற்பகலில் இடிமழைக் காலம். விளிம்பு முனைகளில் உயரமான பொருள் நீங்களும் உங்கள் ட்ரைபாடும்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் உடனே காருக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வர வேண்டாம். மழை விலகும் தருணத்தில் வெளிச்சம் பிரமாதமாக இருக்கும் என்பது உண்மைதான், அதற்காக அவசரப்படுவதில்தான் ஆபத்து.

லிப்பனிலும் கிராண்ட்வியூவிலும் எல்லா இடத்திலும் கம்பி வேலி இல்லை. விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியே நில்லுங்கள். ஃபோன் திரையைப் பார்த்தபடி பின்னால் ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள். கடல்மட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு 2,200 மீட்டரில் இலேசான தலைவலியும் மூச்சுவாங்கலும் வரும். தண்ணீர் குடித்து மெதுவாக நடந்தால் தணியும். ஜூனில்கூட விடியற்காலையில் 5 முதல் 8 டிகிரிதான். பாலைவனம்தானே என்று டி-சர்ட்டோடு போகாதீர்கள்.

வடக்கு விளிம்பு: கேப் ராயல்

குன்றுக்கு மிக அருகில் கார் போகும் இடம் இது. முனை 2,397 மீட்டர். குன்று நேர் தெற்கே சுமார் 4 கி.மீ. இங்கே மட்டும்தான் உச்சியைச் சற்றுக் குனிந்து பார்க்கலாம். நிறுத்துமிடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் குறைவான தார்ப்பாதை, சக்கர நாற்காலியும் போகும். குன்றுக்கு இடப்பக்கம் முன்னால் ஃப்ரெயா காஸில், வலப்பக்கம் வோட்டன்ஸ் த்ரோன். தெளிவான நாளில் அடிவானத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்கள். தெற்கு நோக்கிப் பார்ப்பதால் பகல் முழுவதும் எதிர்வெளிச்சம்தான். கோடையில் உதயத்தை ஒட்டியோ அஸ்தமனத்தை ஒட்டியோ போனால் பக்கவெளிச்சம் கிடைக்கும்.

நேராகப் பறந்தால் இரு விளிம்புகளுக்கும் 16 கி.மீ.; சாலையில் 340 கி.மீ.க்கு மேல், ஐந்து மணி நேரம். வழக்கமான பருவம் மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை, குளிர்காலத்தில் சாலை மூடப்படும். 2025 ஜூலையில் டிராகன் பிராவோ தீயில் அங்கிருந்த கிராண்ட் கேன்யன் லாட்ஜ் எரிந்துபோனது. அதையொட்டி வடக்கு விளிம்பு மூடப்பட்டது. எந்தச் சாலை, எந்த முனை திறந்திருக்கிறது என்பதைக் கிளம்பும் வாரத்தில் பூங்காவின் இணையதளத்தில் பார்த்த பிறகே அறை போடுங்கள்.

உள்ளே இறங்கிப் பார்க்க

குன்றில் ஏறும் எண்ணம் வேண்டாம். 1945ல் மெரல் கிளப் முதன்முதலில் ஏறினார். இன்றும் அது பாதையில்லாத, தண்ணீரில்லாத, உதிரும் பாறை வழி, கைதேர்ந்த ஏறுநர்களுக்கானது.

நடப்பவர்களுக்கு ஏற்றது கிராண்ட்வியூ டிரெயில். 1890களில் செப்புச் சுரங்கத்துக்காக வெட்டிய பாதை. செங்குத்தானது, கல்படிகள் ஒழுங்கில்லாதவை. கோகோனினோ சாடில் வரை போய்வர 3.5 கி.மீ., இரண்டு மணி நேரம். அங்கிருந்து தொடர்ந்து ஹார்ஸ்ஷூ மேசா என்ற தட்டையான மேட்டு நிலம் வரை போனால் போய்வர 10 கி.மீ., இறக்கம் 760 மீட்டர். மேசாவிலிருந்து விஷ்ணு ஆற்றுக்கு அப்பால் நிமிர்ந்து பார்க்கும் உயரத்தில் நிற்கும். விளிம்பிலிருந்து கண்மட்டத்தில் கண்ட குன்று இதுதானா என்று தோன்றும். பாதையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை: ஆளுக்கு 4 லிட்டரும், உப்புள்ள தின்பண்டமும் வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை காலை 10 முதல் மாலை 4 வரை வெயிலில் நடக்கக் கூடாது. டிசம்பர் முதல் மார்ச் வரை முதல் ஒன்றரைக் கிலோமீட்டரில் உறைபனி இருக்கும்; ஷூவின் அடியில் மாட்டும் இரும்புப் பல் இல்லாமல் இறங்க வேண்டாம். இறங்க ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏற ஆகும். கையிலுள்ள தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும், எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். மேசாவில் இருக்கும் பழைய சுரங்க வாய்களுக்குள் நிழலுக்காகக்கூட நுழையாதீர்கள்.